ஓய்ந்த ஸ்டேஷனும் ஓயாத உழைப்பாளியும்

உழைக்கிறவனுக்கு ஓய்வு உண்டா? உண்டென்றால், அந்த ஓய்வை அவன் எங்கே போய்க் கழிப்பது?

முதல் கேள்விக்கு விடை தேடித் தொழிற்சங்கங்கள் போராடியிருக்கின்றன, சட்டங்களும் வந்திருக்கின்றன. ஆண்டில் 240 நாள் வேலை பார்த்த தொழிலாளிக்கு, இருபது நாள் உழைப்புக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுமுறை என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் எழுதி வைத்தது. இரண்டாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்டால் சிரிக்கிறார்கள். "கூலிக்காரனுக்கு உல்லாசப் பயணம் ஒரு கேடா?" என்கிறார்கள்.

சனிக்கிழமை வந்துவிட்டால் புதுச்சேரிக் கடற்கரைத் தெருக்களைப் பாருங்கள். கார்கள் நிற்க இடமில்லை. விடுதிகளில் அறை இல்லை. அறை இருந்தாலும் ஒரு நாள் வாடகை ஒரு தொழிலாளியின் ஒரு வாரக் கூலியை விழுங்கிவிடும். அந்த அறைகளில் படுக்கை விரிப்பவர் யார்? கக்கூசு கழுவுபவர் யார்? அடுக்களையில் வெங்காயம் உரிப்பவர் யார்? வில்லியனூர்ப் பக்கத்திலிருந்தும், பாகூர்ப் பக்கத்திலிருந்தும், நெட்டப்பாக்கம் கொம்யூனில் பண்டசோழநல்லூர் போன்ற ஊர்களிலிருந்தும் விடியற்காலை பஸ் பிடித்துப் போகிறவர்கள்தாமே! ஊரான் ஓய்வெடுக்க இவர்கள் உழைக்கிறார்கள். இவர்கள் ஓய்வெடுக்க ஊரில் ஒரு திண்ணை உண்டா?

இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டுதான் இன்றைய பொருளுக்கு வருகிறோம். வண்டி நின்றுபோன இரயில் ஸ்டேஷன்களைத் தங்கும் விடுதியாக மாற்றி, ஊர்த் தண்ணீரையும் மின்சாரத்தையும் உறிஞ்சாமல் சிக்கனமாக நடத்துவது என்று உலகில் ஒரு பழக்கம் வளர்ந்திருக்கிறது. இது பணக்காரப் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்று தோழர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஸ்டேஷன் பொதுச்சொத்து. அது ஓய்ந்த பிறகு யார் கைக்குப் போகிறது என்பது நம்முடைய விவகாரம்.

பாரிசில் டிக்கெட், புதுவையில் குண்டு

விடுமுறையும் இரயிலும் தொழிலாளியின் சரித்திரத்தில் ஒருமுறை கைகோத்து வந்தன. அந்த ஆண்டு 1936.

பிரெஞ்சு நாட்டில் அந்த ஆண்டு மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்தது. லியோன் ப்ளூம் பிரதமர். தொழிலாளிகள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூன் மாதத்தில் சட்டம் பிறந்தது: ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளத்தோடு விடுமுறை. அதோடு விட்டார்களா? லீவு கொடுத்தால் போதுமா, போய்வர வழி வேண்டாமா என்று கேட்டார்கள். ஓய்வு நேரத்தைக் கவனிக்கும் பொறுப்பிலிருந்த லியோ லக்ரான்ழ், தொழிலாளிக் குடும்பத்துக்கு நூற்றுக்கு நாற்பது கட்டணம் குறைத்து இரயில் டிக்கெட் கொடுக்க ஏற்பாடு செய்தார். அந்த ஓராண்டிலேயே ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அந்த டிக்கெட்டில் புறப்பட்டார்கள். கடல் எப்படியிருக்கும் என்று அன்றுதான் பார்த்தவர்கள் அவர்களில் ஏராளம். அதே ஆண்டு ஜெனிவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடும், ஆண்டுக்கு ஆறு வேலை நாளாவது சம்பளத்தோடு விடுமுறை வேண்டும் என்று உடன்படிக்கை எழுதியது.

அதே 1936. அதே பிரெஞ்சுக் கொடி பறந்த புதுச்சேரி. இங்கே மில் தொழிலாளிகள் சங்கம் வைக்கும் உரிமை கேட்டார்கள். எட்டு மணி நேர வேலை கேட்டார்கள். ஜூலை 30-ஆம் நாள் சவானா மில்லில் துப்பாக்கி வெடித்தது. பன்னிரண்டு தோழர்கள் மடிந்தார்கள். அங்கே டிக்கெட், இங்கே தோட்டா! வ. சுப்பையா போன்றவர்கள் முன்னின்று நடத்திய அந்தப் போராட்டம் வீண் போகவில்லை. அடுத்த ஆண்டு, 1937-இல், எட்டு மணி நேர வேலை பிரெஞ்சிந்தியாவில் சட்டமாயிற்று. வேலைக்கு எல்லை கிடைத்தது. ஓய்வுக்கு இடம் கிடைக்கவில்லை. அந்தப் பாக்கி இன்னும் தீரவில்லை என்பதுதான் நம் வழக்கு.

வண்டி ஓடாத பாதையில்

ஓய்ந்த ஸ்டேஷனை வைத்துக்கொண்டு பிற நாடுகள் என்ன செய்தன?

ஸ்பெயின் நாட்டின் தெற்கே ஓல்வேரா என்ற மலையூர். அங்கிருந்து புவெர்த்தோ செர்ரானோ என்ற ஊருக்கு 36 கிலோமீட்டர் இரயில் பாதை போட 1920-களில் வேலை தொடங்கினார்கள். மலையைக் குடைந்து முப்பது சுரங்கம் வெட்டினார்கள். பாலங்கள் கட்டினார்கள், ஸ்டேஷன்களும் கட்டினார்கள். பிறகு பணமுடை, பிறகு உள்நாட்டுப் போர். ஒரு வண்டிகூட அந்தப் பாதையில் ஓடவில்லை! தொழிலாளி வேர்வை சிந்திக் கட்டியதெல்லாம் ஆடு மேயும் இடமாயிற்று. 1993-இல் ஸ்பெயின் அரசு 'பசும்பாதை' என்றொரு திட்டம் தொடங்கியது. கைவிட்ட பாதைகளை நடப்பவர்க்கும் சைக்கிளில் போகிறவர்க்கும் திறந்துவிடும் திட்டம். இன்று 3,000 கிலோமீட்டருக்கு மேல் அப்படித் திறந்திருக்கிறார்கள். ஓல்வேரா ஸ்டேஷன் தங்கும் விடுதியாயிற்று. வழியில் ஸாஃப்ராமகோன் என்ற ஸ்டேஷன், மலைப்பாறையில் கூடு கட்டும் கழுகுகளைக் கவனிக்கும் நிலையமாயிற்று. பாதையில் காருக்கு இடமில்லை. வருகிறவன் காலால் நடந்து வருகிறான். சைக்கிள் மிதித்து வருகிறான். அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறான். அந்த ஊரில் காசு விட்டுப் போகிறான்.

இங்கிலாந்தில் நடந்தது வேறு கதை. 1963-இல் பீச்சிங் என்பவர் ஓர் அறிக்கை கொடுத்தார். இலாபம் தராத பாதைகளை மூடு என்றார். 2,363 ஸ்டேஷன்களின் பெயரைப் பட்டியல் போட்டார். கிராமத்து ஏழைக்கு வண்டி போயிற்று. மூடிய ஸ்டேஷன்கள் மலிவாகக் கைமாறின. பல, வசதியுள்ளவர்களின் வீடுகளாயின. சில நல்ல கைகளிலும் சேர்ந்தன. ஸ்டாஃபோர்டுஷயரில் ஆல்டன் ஸ்டேஷனில் 1965-இல் வண்டி நின்றது. பழைய கட்டிடங்களைக் காப்பாற்றும் லேண்ட்மார்க் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை அதைச் செப்பனிட்டு, விடுமுறைக்குத் தங்குகிறவர்களுக்கு விட்டுவருகிறது. ஸ்டேஷன் மாஸ்டர் வீடும் பயணிகள் காத்திருந்த கூடமும் இப்போது படுக்கையறைகள்.

மூன்றாவது மாதிரி ஒன்றும் உண்டு. ஸ்பெயின்–பிரான்ஸ் எல்லையில் கான்ஃபிராங்க் ஸ்டேஷன். 1928-இல் திறந்த மாளிகை போன்ற கட்டிடம்; 241 மீட்டர் நீளம். 1970-இல் எல்லை தாண்டும் வண்டி நின்றுபோயிற்று. 2023-இல் அது மறுபடி திறந்தது, ஐந்து நட்சத்திர ஹோட்டலாக!

ஆக, ஒரே ஸ்டேஷன், மூன்று வழி. ஊருக்கு விடலாம், அறக்கட்டளைக்கு விடலாம், பணமூட்டைக்கு விடலாம். நம் நாட்டில் எந்த வழி?

காந்தி பெயரில் ஐந்து நட்சத்திரம்

விடை 2021-லேயே கிடைத்துவிட்டது. அந்த ஆண்டு ஜூலையில் குஜராத்தின் தலைநகரில் இரயில் ஸ்டேஷனுக்கு மேலேயே ஐந்து நட்சத்திர ஹோட்டல் ஒன்றைத் திறந்தார்கள். 318 அறைகள். கீழே பாசஞ்சர் வண்டிக்குக் காத்திருக்கும் ஏழை. மேலே பளிங்குத் தரை. ஊரின் பெயரோ காந்திநகர்! மூன்றாம் வகுப்பில் பயணம் செய்து, மூன்றாம் வகுப்புப் பயணியின் துயரத்தை எழுதியவரின் பெயர் தாங்கிய ஊர்.

அடுத்த மாதமே, ஆகஸ்டில், மத்திய சர்க்கார் 'தேசியப் பணமாக்கல்' திட்டத்தை அறிவித்தது. இரயில்வேயின் பங்கு மட்டும் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். பட்டியலில் 400 ஸ்டேஷன்கள். நீலகிரி உள்பட நான்கு மலை இரயில்கள். இரயில்வே விளையாட்டு மைதானங்கள்கூட! பணமாக்குவது என்றால் என்ன? பொதுச்சொத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தனியாரிடம் ஒப்படைத்து, அவர் வசூலித்துக்கொள்ள விடுவது. ஒப்பந்தம் முடியும்போது சொத்து திரும்பி வரும் என்கிறார்கள். அதற்குள் கட்டணம் எங்கே போயிருக்கும், அதைக் கட்ட முடியாதவன் எங்கே போயிருப்பான் என்பதை எந்த ஒப்பந்தமும் எழுதுவதில்லை.

நம் வட்டாரத்துப் பாதை

பண்டசோழநல்லூரில் ஸ்டேஷன் கிடையாது. கிட்டத்துப் பாதை, விழுப்புரத்திலிருந்து வளவனூர், சின்னபாபுசமுத்திரம், வில்லியனூர் வழியாகப் புதுச்சேரி வரும் பாதைதான். 1879-இல் திறந்த பாதை அது. ஆங்கிலேயன் மண்ணில் புறப்பட்டுப் பிரெஞ்சுக்காரன் மண்ணில் முடிந்த பாதை. 2004-இல் மீட்டர் பாதை அகலப் பாதையாயிற்று. இது உயிரோடிருக்கும் பாதை. இதை மூடு என்று நாம் கேட்கவில்லை. இன்னும் கூடுதலாகப் பாசஞ்சர் வண்டி விடு என்றுதான் கேட்கிறோம்.

அப்படியானால் ஓய்ந்த ஸ்டேஷன் பேச்சு எதற்கு? காரணம் உண்டு. நம் பக்கத்தில் ஓய்ந்த பாதைகளுக்குப் பஞ்சமில்லை. மாயூரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-இல் வந்த பாதையை 1986-இல் மூடினார்கள். புதுவை மாநிலத்தின் காரைக்காலுக்குப் பேரளத்திலிருந்து 1898-இல் வந்த பாதையையும் 1980-களில் மூடினார்கள், தண்டவாளத்தையும் பெயர்த்தார்கள். முப்பத்தைந்து ஆண்டுக்குமேல் மக்கள் கேட்டுக் கேட்டு, அதே தடத்தில் இப்போது அகலப் பாதை போட்டிருக்கிறார்கள். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 2023-இல் வண்டி திரும்பி வந்தது. கிருஷ்ணகிரிக்கு வந்த சின்னப் பாதையை 1941-இல், உலகப் போர் நடந்த காலத்தில், மூடினார்கள். அந்த நகரம் வண்டியை இன்னும் எதிர்பார்த்து நிற்கிறது.

இதிலிருந்து தோழர்கள் ஒரு பாடம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓய்ந்த ஸ்டேஷன் செத்த ஸ்டேஷன் அல்ல, அது தூங்குகிறது. மக்கள் குரல் கொடுத்தால் எழுந்துகொள்ளும். அதன் மண்ணை விற்றுவிட்டால், ஐம்பது ஆண்டு குத்தகைக்கு ஒரு முதலாளியிடம் எழுதிக் கொடுத்துவிட்டால், வண்டி திரும்பி வர வழியிருக்குமா? காரைக்காலுக்குத் தண்டவாளம் போட மறுபடியும் நிலம் தேடியிருக்க வேண்டுமே!

ஆகவே நாம் சொல்வது இது: தூங்கும் ஸ்டேஷனில் மனிதன் தூங்கட்டும். சுவரை இடிக்காமல், மேடையை உடைக்காமல், கட்டில் போட்டு விளக்கேற்றலாம். வண்டி வருகிறதென்றால் கட்டிலை எடுத்துப் போட்டுவிட்டு வழிவிடலாம். உயிரோடிருக்கும் சிறு ஸ்டேஷன்களிலும் பூட்டிக் கிடக்கும் அறைகள் இருந்தால் அவற்றையும் இப்படிப் பயன்படுத்தலாம். இதில் புதுமை ஒன்றுமில்லை. பெரிய ஜங்ஷன்களில் 'ஓய்வு அறை' என்று வாடகைக்கு விடுவதைப் பார்த்ததில்லையா? இரயில்வே ஊழியர்களுக்கு ஊட்டியிலும் கொடைக்கானலிலும் விடுமுறை இல்லங்கள் இல்லையா? ஊழியனுக்கு உண்டு, நல்லதே. அந்த ஊழியனைப் போலவே உழைக்கும் கொத்தனாருக்கும், கரும்பு வெட்டுகிறவருக்கும், நாற்று நடுகிற அம்மாவுக்கும் ஒன்று வேண்டும் என்கிறோம்.

யார் சமைப்பது? யார் சாப்பிடுவது?

விடுதி என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது ஸ்டேஷன் சாப்பாட்டுக் கூடம். தென்னிந்திய இரயில்வேயின் சாப்பாட்டுக் கூடங்களில் பிராமணர்க்கு ஓர் இடம், மற்றவர்க்கு ஓர் இடம் என்று பிரித்து வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. டிக்கெட் விலை ஒன்று, வண்டி ஒன்று, சோறு தின்னும் இடம் மட்டும் இரண்டு! பெரியாரும் சுயமரியாதைத் தோழர்களும் எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார்கள். 1941-இல் அந்தப் பிரிவினை ஒழிந்தது.

பலகை ஒழிந்தது, பழக்கம் ஒழிந்துவிட்டதா? "வீட்டுச் சாப்பாடு, கிராமத்துச் சூழல்" என்று விளம்பரம் செய்யும் விடுதிகளில், அந்த வீட்டுச் சமையலறைக்குள் சேரியிலிருந்து ஒரு பெண் சமைக்கப் போக முடியுமா? மாடு கட்டிய கொட்டகையையும் மண்பானையையும் படமெடுத்துப் போடுகிறார்கள். அந்த மண்பானையில் யார் கை படலாம் என்பதைச் சொல்வதில்லை. நாம் கேட்கும் ஸ்டேஷன் விடுதியின் முதல் விதி இதுவாகத்தான் இருக்க வேண்டும்: ஒரே அடுக்களை, ஒரே பந்தி. ஊரும் சேரியும் சேர்ந்து சமைக்க வேண்டும். அது பிடிக்காதவர் வேறு விடுதி பார்க்கட்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

வெறும் வாய்ப்பேச்சு வேண்டாம், கணக்குப் போடுவோம். ஒரு சிறு ஸ்டேஷனில் இருபது கட்டில் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு முழுவதும் நிரம்பாது. சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் காற்று வாங்கும். சராசரியாக நூற்றுக்கு நாற்பது நிரம்பும் என்றால், ஆண்டில் 2,920 படுக்கை இரவுகள். வெளியூர்ப் பயணிக்கு 400 ரூபாய். சங்க அட்டையோ தொழிலாளர் நல வாரிய அட்டையோ வைத்திருப்பவர்க்கு 200 ரூபாய். இரு தரப்பும் பாதிக்குப் பாதி வந்தால் சராசரி 300. வரவு 8,76,000 ரூபாய்.

செலவு? நான்கு பேர் முழுநேர வேலை. ஆளுக்கு மாதம் 15,000 என்று குறைந்த அளவில் வைத்தாலும் ஆண்டுக்கு 7,20,000. மீதி 1,56,000. ஓடு மாற்ற, சுண்ணாம்பு அடிக்க, சோப்பு வாங்க, பாய் தலையணை மாற்ற, வரி கட்ட அவ்வளவுதான். சாப்பாட்டுக் கணக்கு தனி; அது தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும்.

இந்தக் கணக்கில் கட்டிடத்துக்கு வாடகை எங்கே? இடமே இல்லை! மாதம் 50,000 ரூபாய் வாடகை கொடு என்று இரயில்வே கேட்டால் என்ன ஆகும்? ஆண்டுக்கு 6 லட்சம். படுக்கை ஒன்றுக்கு 205 ரூபாய் ஏறும். சராசரி ஐந்நூறைத் தாண்டும். முதலில் யார் கழன்றுகொள்வார்? 200 ரூபாய்க்காரர்தான். பிறகு கட்டில் மெத்தையாகும், மின்விசிறி ஏ.சி.யாகும், நான்கு பேர் இரண்டு பேராகும். கடைசியில் அதுவும் கடற்கரைத் தெருவின் இன்னொரு விடுதியாகிவிடும். ஆகவே சண்டையின் மையம் வாடகையில் இருக்கிறது. பேருக்கு ஒரு ரூபாய் வாடகை; அதற்குப் பதிலாகக் கட்டிடத்தைக் காப்பாற்றும் பொறுப்பு. இந்த ஒப்பந்தம் கிடைத்தால் தொழிலாளி உள்ளே வர முடியும். கிடைக்காவிட்டால் வெளியே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

தொழிலாளிகளுக்கு நிர்வாகம் தெரியுமா என்று கேட்கும் மேதாவிகளும் உண்டு. நம் மாஹேக்குப் பக்கத்திலேயே, வடகரையில், ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1925-இல் பதினான்கு பேர் சேர்ந்து தொடங்கிய சங்கம். பாலம் கட்டுகிறது, சாலை போடுகிறது, இரிங்கலில் 2011-இல் திறந்த கைவினைக் கிராமத்தை நடத்தி, ஊர் ஊராகப் பயணிகளை வரவழைக்கிறது. அதுவும் வேண்டாம்; இந்தியன் காபி ஹவுஸ் தெரியாத புதுவைக்காரர் உண்டா? 1957-இல் காப்பி போர்டு தன் கடைகளை மூடி ஊழியர்களைத் தெருவில் விட்டபோது, ஏ. கே. கோபாலன் துணை நிற்க, ஊழியர்களே கூட்டுறவு அமைத்து எடுத்து நடத்தினார்கள். காப்பி ஆற்றத் தெரிந்தவனுக்குக் கணக்கு எழுதவும் தெரிந்தது!

மழையும் வெயிலும் நம் மூலதனம்

சிக்கனம் என்றால் ஏழைக்குப் புதிய உபதேசம் அல்ல. ஏழை பிறந்ததிலிருந்தே சிக்கனம்தான். 'சுற்றுச்சூழல்' என்ற பெயரில் ஒரு நாளைக்கு ஐயாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு மண் டம்ளரில் மோர் கொடுப்பதை நாம் சிக்கனம் என்று ஒப்புக்கொள்வதில்லை. கணக்கு ஒத்துவர வேண்டும்.

தண்ணீர்: புதுவை வட்டாரத்தில் ஆண்டு மழை 1,200 மில்லிமீட்டருக்கு மேல். 150 சதுர மீட்டர் கூரையில் விழுவதில் ஐந்தில் நான்கு பங்கைப் பிடித்தால் 1,44,000 லிட்டர். தங்குகிறவரும் வேலை செய்கிறவரும் சேர்ந்து நாளைக்கு 800 லிட்டர் என்றால், ஆண்டுத் தேவையில் ஏறத்தாழப் பாதி கூரையிலிருந்தே வந்துவிடுகிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டும் மழை தொட்டியில் அடங்காது. அதைக் கிணற்றில் இறக்க வேண்டும். நீராவி எஞ்சின் காலத்து ஸ்டேஷன்கள் பலவற்றில் எஞ்சினுக்குத் தண்ணீர் கொடுத்த கிணறும் உயரத் தொட்டியும் உண்டு. அவற்றைத் தூர் வாரினாலே பாதி வேலை முடிந்தது. குளிப்பது வாளியில். குளித்த தண்ணீர் வாழைக்குப் போகட்டும். கிராமத்து நிலத்தடி நீரை உறிஞ்சி நீச்சல் குளம் கட்டும் விடுதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புதுவையின் 84 ஏரிகளைச் செப்பனிட 1999-இல் ஐரோப்பிய உதவியோடு திட்டம் போட்டு, ஊர்தோறும் ஏரிப் பயனாளிகள் சங்கம் அமைத்தார்கள். அந்தச் சங்கங்களில் உட்கார்ந்து மதகும் வாய்க்காலும் பார்த்த விவசாயிகளுக்குத் தண்ணீர்க் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மின்சாரம்: 30 வாட் இழுக்கும் புது வகை மின்விசிறி பன்னிரண்டு, நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், ஒன்பது வாட் விளக்கு இருபத்தைந்து, ஐந்து மணி நேரம், ஒரு சின்ன நீர் இறைக்கும் மோட்டார், ஒரு குளிர்பதனப் பெட்டி. எல்லாம் சேர்த்து நாளைக்கு எட்டு யூனிட்டுக்குள் அடங்கும். இரண்டு கிலோவாட் சூரியத் தகடு அதைக் கொடுத்துவிடும். பகலில் உண்டாவதை மின் கம்பிக்குக் கொடுத்து, இரவில் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நட்சத்திர விடுதியில் ஒரே ஓர் ஏ.சி. அறை ஒரு ராத்திரிக்கு எட்டுப் பத்து யூனிட் இழுக்கிறது. ஒருவர் போர்வை போர்த்திக்கொண்டு குளிரில் படுக்கச் செலவாகும் மின்சாரத்தில் ஒரு ஸ்டேஷனே வாழும்! பழைய ஸ்டேஷன்களின் தடித்த சுவரும், உயர்ந்த கூரையும், மேடையோரத்து வேம்பும் எதற்கு இருக்கின்றன? அந்தக் காலத்துக் கொத்தனார் வெயிலை அறிந்து கட்டியவை அவை.

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கனம், வருகிறவர் பாசஞ்சர் வண்டியிலும் பஸ்ஸிலும் வருவது. சென்னையிலிருந்து காரில் ஏறி வந்து, இங்கே துணிப்பை பிடித்தால் கணக்கு நேராகிவிடாது.

வந்தவர் எதைப் பார்ப்பது?

"கிராமத்தில் பார்க்க என்ன இருக்கிறது?" என்பார்கள். சின்னபாபுசமுத்திரத்திலோ வில்லியனூரிலோ இறங்கி, சைக்கிள் எடுத்துக்கொண்டு கிளம்பட்டும். கீழூர் இருக்கிறது. 1954 அக்டோபர் 18-ஆம் நாள், 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைவோம் என்று வாக்களித்த இடம். நெட்டப்பாக்கம் இருக்கிறது. அதற்கு ஏழு மாதம் முன்பே, மார்ச் 31-இல், பிரெஞ்சு ஆட்சியை உதறிக் கொடியேற்றிய ஊர். ஏரிக்கரை இருக்கிறது, கரும்பும் நெல்லும் இருக்கின்றன. கடற்கரையின் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் நின்று படமெடுக்கும் பிள்ளைகளுக்கு, அந்தச் சுவர்களுக்குள்ளிருந்து ஆண்டவன் எப்படி வெளியேறினான் என்பதை இந்த ஊர்கள் சொல்லும். பண்டசோழநல்லூர் இளைஞர்கள் வழிகாட்டிகளாக வரட்டும். தாத்தாவிடம் கேட்ட கதையைச் சொல்லட்டும். கூலி வாங்கிக்கொண்டு சொல்லட்டும். கதை சொல்வதும் உழைப்புத்தான்.

நம் கோரிக்கைகள்

ஒன்று: வண்டி ஓடக்கூடிய பாதையில் வண்டி ஓட வேண்டும். விடுதிக்காக எந்த ஸ்டேஷனையும் மூடக்கூடாது.

இரண்டு: ஓய்ந்த ஸ்டேஷனின் மண்ணை விற்கக்கூடாது, நீண்ட குத்தகைக்கு முதலாளியிடம் கொடுக்கக்கூடாது. வண்டி திரும்பினால் இடமும் திரும்ப வேண்டும்.

மூன்று: அப்படிப்பட்ட கட்டிடங்களை உள்ளூர்த் தொழிலாளர் கூட்டுறவுக்கும் பெண்கள் குழுக்களுக்கும் பேருக்கு ஒரு வாடகையில் கொடுக்க வேண்டும்.

நான்கு: பாதிப் படுக்கைகளாவது உழைப்பாளிக் குடும்பங்களுக்கு ஒதுக்க வேண்டும். நல வாரியங்கள் அவர்களுக்குப் போய்வரும் செலவில் ஒரு பங்கைத் தர வேண்டும். 1936-இல் பாரிசில் முடிந்தது இன்று புதுவையில் ஏன் முடியாது?

ஐந்து: ஒரே அடுக்களை, ஒரே பந்தி.

இவற்றில் எதுவும் நிலவைப் பிடித்துத் தரச் சொல்லும் கோரிக்கை அல்ல. 2020-இல் கொரோனா வந்தபோது ஐயாயிரத்துக்கு மேற்பட்ட இரயில் பெட்டிகளை ஒருசில வாரங்களில் நோயாளிகள் படுக்கும் அறைகளாக மாற்றிக் காட்டியது இதே இரயில்வே. மாற்றிய கைகள் ஒர்க்ஷாப் தொழிலாளியின் கைகள். ஓடும் பெட்டியில் கட்டில் போட முடிந்தவர்களுக்கு, நிற்கும் கட்டிடத்தில் போட முடியாதா?

கிளைக் கூட்டங்களில் தோழர்கள் இதைப் பேச வேண்டும். உங்கள் வட்டாரத்தில் எந்த ஸ்டேஷன் பூட்டிக் கிடக்கிறது, எந்த அறை பயனின்றி இருக்கிறது, கிணற்றில் தண்ணீர் உண்டா, கூரையில் ஓடு உண்டா என்று போய்ப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அளந்து எழுதுங்கள். கொம்யூன் பஞ்சாயத்தில் தீர்மானம் கொண்டு வாருங்கள். ஏலம் விடுகிறவன் கணக்கோடு வருவான். நாமும் கணக்கோடு போக வேண்டும்.

அந்தச் சுவரைக் கட்டியவன் நம் பாட்டன். அந்தத் தண்டவாளத்தைச் சுமந்தவன் நம் தகப்பன். அந்தத் திண்ணையில் காலை நீட்டிப் படுக்க நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஓர் இரவு கேட்கிறோம். சலுகையாக அல்ல, பாத்தியதையாகக் கேட்கிறோம்.